தலையணைக்குள் மூன்று பொட்டலம்

என்னங்க, என் ராசா,

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்க மாட்டேன். நீங்கள் நல்லாத்தான் இருப்பீர்கள். இங்கே எது நடந்தாலும் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு நகர்ந்து போகிற மனுஷன், அங்கே போய் மட்டும் மாறியா இருக்கப் போகிறீர்கள்? நான்தான் நல்லா இல்லை. கோபத்தில் எழுத்து கோணல் கோணலாக விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். போன வருஷம் இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் உங்கள் படம் வந்தது. 'ஆருயிர் நண்பனே, உன் பிரிவால் வாடும் சிங்காரம், அலோர் காஜா' என்று கீழே போட்டிருந்தது. நான் அதைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். உறவுக்காரன்கூடச் செய்யாததை இந்த மனுஷன் செய்கிறாரே என்று உருகிப் போனேன். இந்த வருஷம் அவன் போடவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

மேலே உங்கள் பெயரைப் போடாமல் அச்சுக்குக் கொடுக்க முடியாது என்கிறார் பத்திரிகைக்காரர். ஆறு வருஷம் குடும்பம் நடத்தியும் உங்கள் பெயரை வாயால் சொல்லாதவள் நான், இப்போது எழுதவா போகிறேன்? அதை அவரே போட்டுக்கொள்ளட்டும். சிங்காரத்தின் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் நானே எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் சிங்காரண்ணன், சிங்காரண்ணன் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அவன்தான்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஊரும் கேட்க வேண்டும், அதற்காக.

மாசி மாதம். அலோர் காஜாவிலிருந்து புலாவ் செபாங் ஸ்டேஷன் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்தன. இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் தோட்டத்து ஆட்கள் வெளியே கிளம்ப மாட்டார்கள், டாக்சி ஸ்டாண்டு காலியாகக் கிடக்கும். உங்களுக்கும் சிங்காரத்துக்கும் பொதுவாக இருந்த அந்தப் பச்சை டாக்சிக் காடி மரத்தடியில் நின்று இலை வாங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவாமலே ஆரம்பித்தீர்கள்.

“கோமளா, ஸ்டாண்டுல ஒக்காந்து ஈ ஓட்டுறதுக்கு, ஒரு நாலு நாளு எங்கயாச்சும் போய்ட்டு வருவோம்லா.”

“எங்க, தம்பின் டவுனுக்கா?”

“மலைக்கு. கேமரன் மலை. அப்பறம் தைப்பிங் ஏரி. போற வழியில செரம்பான்லயும் ஒரு ஏரி இருக்கு.”

“காட்டுக்காரனுங்க சுடுற ரோட்டுலயா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?”

“பகல்லதான போறோம். மாத்தா காடி முன்னாடி போவும், நாம பின்னாடியே போவோம். ஊர்ல உள்ளவன் பொண்டாட்டியெல்லாம் ஏத்தி எறக்கியாச்சு. ஒன்னைய ஒருக்கா முன் சீட்டுல வச்சு ஓட்டணும்னு ஆசையா இருக்குடி.”

அதற்கப்புறம் நான் என்ன பேசுவது? போலீஸ்காரர்களை மாத்தா என்பதும், கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்காரர்கள் என்பதும் அப்போது நம் வாயில் பழகிப்போன வார்த்தைகள். மலாயாவில் அவசரகாலம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பயப்பட்டுப் பயப்பட்டு பயமே சலித்துப் போயிருந்த நேரம் அது.

அந்த வாரம் பாயா ரும்புட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் காடியைக் கொண்டுவருவதாக சிங்காரம் பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் எப்போதும் சரி என்கிறவர், அந்தத் தடவை மட்டும், “இல்லண்ணே, இந்த வாரம் நான் கோமளாவக் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றீர்கள். அவனும் சிரித்துக்கொண்டே, “போய்ட்டு வாங்கலா, வேற காடி பாத்துக்கறேன்” என்றான். வேறு காடி கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வாடகைச் சைக்கிளில் வந்து இறங்கினாராம். இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மறைக்க மாட்டேன்.

அந்த நாளில் சோறு வெளியே போகக் கூடாது. காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். ஒரு பிடி சோறு கையில் இருந்தாலும் கேஸ். நீங்கள் தெளிவாகச் சொன்னீர்கள்: “சோறு மட்டும் எடுக்காத. வழியெல்லாம் கடை இருக்கு.” நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, ரேஷன் அரிசியில் பத்து நாளாகப் பிடிப்பிடியாக மிச்சம் பிடித்ததை வடித்து, புளிச்சோறு கிளறினேன். கட்டுச்சோறு இல்லாமல் ஊர் தாண்டுவதா? என் அம்மா கப்பலேறி வந்தபோதுகூடக் கட்டிக்கொண்டு வந்தவள். கடைச் சோறு நம்பிப் போகிறவர்கள் போகட்டும், நான் என் புருஷனை அப்படிக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று ஒரு திமிர். வாழை இலையை அனலில் வாட்டி மூன்று பொட்டலம் கட்டினேன். செரம்பான் ஏரிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, தைப்பிங் ஏரிக்கு ஒன்று. தலையணையில் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு மூன்றையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன்.

காலையில் நீங்கள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தீர்கள். சாமான்களை எடுத்து வைக்க ஒத்தாசைக்கு வந்தவன் சிங்காரம்தான். தலையணையைத் தூக்கினான். தூக்கி மூக்குக்கிட்டே கொண்டு போனான்.

“என்னா தங்கச்சி, தலகாணி இம்புட்டுக் கனம் கனக்குது? புளி வாசம் வேற வருது?”

நான் விரலை உதட்டில் வைத்து உங்கள் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவன் சத்தம் வராமல் சிரித்து, தலையணையை என் சீட்டில் பத்திரமாக வைத்தான். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கூடப் பிறந்தவன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

செரம்பான் ஏரிக்கரையில் தையலைப் பிரித்து முதல் பொட்டலத்தை எடுத்தபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. “அடிப்பாவி” என்றீர்கள். பிறகு வாசம் அடித்தது. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் இலையில், மரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு பேரும் திருட்டுப் பூனைகள் மாதிரித் தின்றோம். விரலைச் சூப்பிவிட்டு, “கேஸு போட்டாலும் பரவால்லடி” என்றீர்கள். இந்த வார்த்தையை நான் எத்தனை ராத்திரி நினைத்துக்கொண்டேன் தெரியுமா?

அன்று கோலாலம்பூரில் என் சித்தப்பா வீட்டில் தங்கினோம். மறுநாள் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைக்கு. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் காய்கறி லாரிகள், நடுவில் நம் பச்சைக் காடி. வளைவுக்கு வளைவு எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினீர்கள். மலைமேல் தானா ராத்தாவில் உங்களுக்குத் தெரிந்த தேயிலை லாரி டிரைவர் வீட்டில் இறங்கினோம். அந்தக் குளிரை நான் கண்டேனா? பல் கிட்டித்துப் போனது. உங்கள் பெட்டியிலிருந்து நீங்கள் போடுகிற நீளக் கால்சட்டை, ஒரு சிலுவாரை எடுத்து சேலைக்கு உள்ளே மாட்டிக்கொண்டேன். நான் நடக்கும்போது கணுக்காலில் அது எட்டிப் பார்க்கும். நீங்கள் என் பின்னாலேயே நடந்து வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். யாரிடமாவது சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றேன். சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள்.

மலையில் இரண்டு நாள். பனி விலகினால் கீழே முழுக்கத் தேயிலை. விலகாவிட்டால் உங்கள் முகம் மட்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உங்களோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது அப்போதுதான். ஸ்டாண்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை, ஹாரன் சத்தம் இல்லை. “இங்கயே ஒரு லாரி பாத்து ஓட்டிக்கிட்டு இருந்துருவோமா?” என்று கேட்டீர்கள். நான் குளிருக்குப் பயந்து வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்?

இறங்குகிற அன்று காலையில் மூன்றாவது பொட்டலத்தை நீங்கள் மோந்து பார்த்தீர்கள்.

“லேசா புளிச்சிருச்சு. போட்டுரு.”

“சோத்தத் தூக்கிப் போடுறதா? என் கையால முடியாது.”

“காட்டோரமாப் போட்டாலும் வம்புதான், காட்டுக்காரனுக்குப் போட்டேம்பான். சரி வா, இப்பவே ரெண்டு பேருமாத் தின்னு தீத்துருவோம்.”

“இப்பத்தான ரொட்டி தின்னீங்க. தைப்பிங் ஏரிக்குன்னு கட்டினது. ஏரிக்கரையிலதான் பிரிப்பேன்.”

நீங்கள் பெருமூச்சு விட்டு வண்டியை எடுத்தீர்கள். என்னிடம் வாதாடி ஜெயித்ததே இல்லையே நீங்கள். அன்றைக்கு ஒருநாள் ஜெயித்திருக்கக் கூடாதா?

மலையடிவாரத்தில் சோதனை. நமக்கு முன்னால் நாலு வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் பின்பெட்டியைத் திறந்து, சீட்டைத் தூக்கி, கூடையைக் கொட்டி, கால் மணி நேரம் ஆக்கினார்கள். நம் முறை வந்தது. அந்த மலாய்க்கார மாத்தா கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். அதைப் பார்த்தார், நம் வண்டி நம்பரைப் பார்த்தார். பின்பெட்டிப் பக்கமே போகவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்து, “மானா பந்தால்?” என்று கேட்டார். தலையணை எங்கே என்று அர்த்தம். அது என் மடியில்தான் இருந்தது.

கத்தியால் ஒரே கீறு. இலை கிழிந்து, சோறு செம்மண் ரோட்டில் கொட்டியது. பஞ்சு பறந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கதவைத் திறந்து இறங்கிவிட்டீர்கள். “சாயா புன்யா. பீனி தா தாவு.” என்னுடையது, பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லும்போது சிரித்த முகமாகவே இருந்தீர்கள். “நாந்தான் கட்டினேன், நாந்தான் கட்டினேன்” என்று நான் தமிழில் கத்தினேன். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்? நீங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். வாயை மூடு என்று என்னைப் பார்த்து நீங்கள் சொன்னது அந்த ஒரே தடவைதான். நானும் மூடிக்கொண்டேன். தைப்பிங் ஏரியை இன்றுவரை பார்க்கவில்லை.

ரயிலேறித் தனியாக வந்து புலாவ் செபாங்கில் இறங்கினேன். ஸ்டேஷனில் சிங்காரம் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “நான் இருக்கேன்லா தங்கச்சி, நான் இருக்கேன்” என்றான்.

வெறும் சோற்றுக் கேஸ் என்றால் ஆறு மாதத்தில் விட்டிருப்பார்கள் என்று பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். காட்டுக்குச் சோறு கொண்டுபோகிற ஆள் என்று யாரோ தகவல் கொடுத்ததால் விசாரணையே இல்லாமல் முகாமில் அடைத்தார்கள். ஒரே ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியாய் இளைத்து நின்றீர்கள். நான் அழுதேன். “என் கையால கட்டின சோறு ஒங்களக் கொண்டாந்து இங்க போட்டுருச்சே” என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “அதெல்லாம் நெனைக்காத. சிங்காரண்ணே பாத்துக்குவாரு. அவரோட சண்ட கிண்ட போட்டுறாத.” நான் எதற்கு அவரோடு சண்டை போடப் போகிறேன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஏழாம் மாதம் காய்ச்சல் வந்தது. அப்புறம் ஒரு காகிதம் வந்தது, உங்கள் சட்டை வந்தது.

குழாயடியில் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். ஒரு பொட்டலம் சோத்துக்குப் புருஷனைக் கொடுத்தவள் என்றார்கள். எனக்குக் கோபமே வரவில்லை, பாருங்கள். உண்மையைத்தானே சொல்கிறார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். சட்டியில் புளி கொதிக்கிற வாசம் வந்தால் வாந்தி வரும். சோறு பிசைகிற கையைப் பார்த்து, இந்தக் கைதானே என்று தோன்றும். இரண்டு வருஷம். ஒருநாள் தவறாமல்.

இங்கே இப்போது எல்லாம் மாறிவிட்டது, உங்களுக்குச் சொல்ல வேண்டும். காட்டுக்காரர் பயம் நீங்கியது என்று நம் பக்கத்தை வெள்ளை வட்டாரமாக அறிவித்து ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். ரோட்டில் தடுப்புக் கேட்டு இல்லை, சோதனை இல்லை. தோட்டத்து ஆட்கள் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போகிறார்கள். ஸ்டாண்டில் இப்போது ஆறு டாக்சி. நம் பச்சைக் காடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதைச் சிங்காரம்தான் ஓட்டுகிறான். முன்கண்ணாடிக்குக் கீழே உங்கள் படத்தை ஒட்டி, தினம் ஒரு முழம் பூ வைப்பான். அதைப் பார்த்து ஏறுகிற ஜனங்கள், என்ன சிநேகிதம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நான் கடைத்தெருவில் ஒரு சீனரின் மெத்தைக் கடையில் தலையணை உறை தைக்கிறேன். எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

ஆனி மாதத்தில் ஒருநாள். இலவம் பஞ்சை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பெண்டாட்டி ஏதோ தேடிக்கொண்டே வந்து, “மானா பந்தால்?” என்று கேட்டாள். தினம் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு என் கை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் நாலு வண்டியைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடிய மனுஷன், நம் வண்டியில் மட்டும் தேடாமலே தலையணையைக் கேட்டாரே, எப்படி? மூன்று பேருக்குத்தான் அது தெரியும். கட்டினவள் நான். செரம்பானில் தெரிந்துகொண்டவர் நீங்கள். மூன்றாவது ஆள் மோந்து பார்த்தவன்.

ஊசியைக்கூட உறையிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே எழுந்து அவன் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி தனம் அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது.

“வா தங்கச்சி, ஒக்காரு. தனம், எலை போடு.”

“தலகாணின்னு யாருகிட்ட சொன்ன?”

“என்னா தலகாணி?”

“மூணு பேருக்குத் தெரிஞ்ச விசயம் நாலாவது ஆளுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? மாத்தா கைல காயிதம் இருந்திச்சு. நம்ம காடி நம்பரு இருந்திச்சு. யாருகிட்ட சொன்ன?”

தனம் அக்காதான் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லிருங்க. இதுக்கு மேல என்னால முடியாது” என்றது. அப்போது அவன் கை சோற்றிலேயே இருந்தது. சோற்றில் கையை வைத்துக்கொண்டேதான் சொன்னான்.

“அந்தக் கல்யாணத்துல என்னைய நிக்க வச்சுக் கேட்டானுங்க தங்கச்சி. காடி எங்க, காடி எங்கன்னு. சொந்தக் காடின்னு பீத்துனியேன்னு சிரிச்சானுங்க. ஆத்தரத்துல மாத்தாகிட்ட போய், காட்டுக்குச் சோறு போவுதுன்னு சொல்லிட்டேன். ஒரு நாளு ரெண்டு நாளு வச்சு மெரட்டி விட்டுருவானுங்கன்னு நெனச்சேன்லா. சத்தியமா இம்புட்டுத் தூரம் போவும்னு தெரியாது.”

ஒரு மாப்பிள்ளை சைக்கிளில் போனதற்கு! நீங்கள் செத்தது அதற்குத்தான். நாட்டுக்காக இல்லை, காட்டுக்காக இல்லை, சோற்றுக்காகக்கூட இல்லை. நான் அங்கே என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தது மட்டும் தெரியும். அவன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் அதைச் சொன்னான்.

“அவனுக்குத் தெரியும் தங்கச்சி.”

“யாருக்கு?”

“ஒன் புருசனுக்கு. ரெண்டாம் மாசமே முகாமுக்குப் போயிக் கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுதேன். நாந்தான்டா சொன்னேன்னு சொல்லிட்டேன். போனது போச்சுண்ணே, விடுங்கன்னான். கோமளாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, அவ விட மாட்டான்னான்.”

பொய் என்றேன். செத்தவர் மேல் பழி போடாதே என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நம்பலேன்னா கேளு. மலையில குளுருக்கு நீ அவன் சிலுவார சேலைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்தியாமே. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நான் அழுவுறதப் பாத்துட்டு என்னையச் சிரிக்க வைக்கிறதுக்காகச் சொன்னான்.”

என்னங்க, இது என்ன நியாயம்? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்ததை, உங்களைக் கொண்டுபோய் அடைத்தவனிடம் சொன்னீர்களா? அவன் கண்ணைத் துடைக்க நம் மலையை எடுத்துக் கொடுத்தீர்களா?

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று எல்லா வழியிலும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் நான் ஸ்டாண்டுக்குப் போய் அவனை வெட்டியிருப்பேன், என்னையும் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள் என்று பயந்தீர்களா? இருக்கலாம். நீங்கள் வந்துவிடுவீர்கள், வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தீர்களா? அதுவும் இருக்கலாம். ஆனால் நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, என் சோறுதான் உங்களைக் கொண்டுவந்து போட்டது என்று மாரில் அடித்துக்கொண்டது மூன்றாம் மாதம். அவன் உங்களிடம் வந்து அழுதது இரண்டாம் மாதம். அப்படியானால் நான் அழும்போது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே, ‘அதெல்லாம் நெனைக்காத’ என்றீர்கள்.

மூன்றாம் நாள் தனம் அக்கா வந்து என் காலைப் பிடித்தது. “ஆவணியில மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு கோமளா. அந்தப் புள்ள ஒனக்கு என்னா பண்ணுச்சு? அது கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் பொறு. அப்பறம் நீ என்ன சொன்னாலும் இந்த மனுசன் செய்வாரு.” அந்தப் பெண் எனக்கு ஒன்றும் பண்ணவில்லைதான். சரி என்றேன். ஆனால் சும்மா சரி என்று சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அவன் முகம் செத்துப் போனது. ஜொகூர் பக்கம் போய்விடுகிறேன், கண்ணிலேயே படமாட்டேன் என்றான். போகக் கூடாது என்றேன். போனால் அந்த ஊர் ஸ்டாண்டுக்கும் நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும்.

முந்தாநாள் கல்யாணம் முடிந்தது. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக அவன் சரியாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவன் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, பூ மட்டும் போட்டேன். அந்தப் பெண் காலில் விழுந்தபோது மனசார வாழ்த்தினேன். ஆனால் அவன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விருந்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

நான் அவனிடம் கேட்டது இதுதான். காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். ஸ்டாண்டில் ஆறு டிரைவர்களும் இருப்பார்கள், முடிவெட்டுகிற கடைக்காரர் இருப்பார், பஸ்ஸுக்கு நிற்கிற தோட்டத்து ஜனம் இருக்கும், குழாயடிப் பெண்களையும் நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தை அவன் வாயால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், சத்தமாக வாசிக்க வேண்டும். ஆகையால், என்னங்க, இது இப்போது உங்கள் காதில் விழுகிறதென்றால் சிங்காரத்தின் குரலில்தான் விழுகிறது. எதிரே பெஞ்சில் நான் இன்னொரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்காரம், தண்ணீர் குடிக்க வேண்டுமானால் குடித்துக்கொள். இங்கே நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. ‘நான்தான் காட்டிக் கொடுத்தேன், கோமளத்தின் சோற்றின் மேல் தப்பில்லை’ என்று குழாயடிப் பெண்கள் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல். இன்னொரு தடவை சொல். போதும். இப்போது வண்டிக்குப் போய் அந்தப் படத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

என்னங்க, இனி உங்களுக்கு. அவனை மன்னித்தேன் என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் உயிர், உங்கள் சிநேகிதன், அது உங்கள் பாடு. ஆனால் என்னுடைய இந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ‘ஒன் சோறு இல்ல கோமளா’ என்று கம்பி வழியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அவனை விட்டிருக்கமாட்டேன், உண்மைதான். ஆனால் என்னை விட்டிருப்பேனே. அவன் அழுகையைப் பார்க்கச் சகிக்காத உங்களுக்கு என் அழுகை மட்டும் எப்படிச் சகித்தது?

பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவனை நான் மன்னிக்கமாட்டேன். சாகும்போதும் மாட்டேன், அவன் செத்தால் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன், அழமாட்டேன். என் காலம் முடிந்து அங்கே வரும்போது, நீங்கள் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே எதிரே வருவீர்கள். அந்தச் சிரிப்பில் நான் மயங்கிவிடப் போவதில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் என்னைத் தொட வேண்டும். அதுவரைக்கும் எனக்கு உங்கள் மேல் இருக்கிற ஆசையிலும் ஒரு பிடி குறையாது, கோபத்திலும் ஒரு பிடி குறையாது. நன்றாக யோசித்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மன்னிக்காத, உங்களை விட்டால் வேறு யாருமில்லாத,
உங்கள் பெண்டாட்டி
கோமளம்